எண்ணும் பெயரும் வினாவும்: பெங்களூரு நகரப் பேருந்தில் வழியறிதல்

பெங்களூரு மாநகரப் பேருந்துகளின் வழித்தட எண்களை ஒரு தாளில் ஏறுவரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அது சென்று சேரும் ஊரைக் குறித்துக்கொண்டு வந்தால், பாதித் தாள் நிரம்புவதற்குள் ஓர் ஒழுங்கு புலப்பட்டுவிடும். 210ஐ ஒட்டிய எண்கள் உத்தரஹள்ளிக்கும் கனகபுரா சாலைக்கும் உரியவை. 220கள் மைசூருச் சாலையில் கெங்கேரி, பிடதி நோக்கிச் செல்கின்றன. 240கள் மாகடி சாலை. 250கள் தும்கூர்ச் சாலையில் பீன்யா, நெலமங்கலா. 270களில் வித்யாரண்யபுரம், 280களில் எலஹங்காவும் தொட்டபள்ளாபுரமும், 290களில் ஹெண்ணூர், பாகலூர்ப் பக்கம். 300ஐத் தாண்டினால் பழைய மெட்ராஸ் சாலை, 330களில் ஒயிட்ஃபீல்டு, 340களில் சர்ஜாபுரம், 360இல் ஓசூர்ச் சாலை வழியாக அத்திபெலே, 365இல் பன்னேர்கட்டா. பன்னேர்கட்டாவுக்கு அடுத்த பெருஞ்சாலை எதுவென்று கேட்டால், மீண்டும் கனகபுரா சாலைதான். எண்கள் தென்மேற்கில் புறப்பட்டு, மேற்கு, வடக்கு, கிழக்கு எனக் கடிகார முள்ளின் போக்கில் நகரைச் சுற்றித் தெற்கில் வந்து முடிகின்றன.

விதிவிலக்குகள் ஏராளம். ஆயினும் அடிப்படை ஒழுங்கு ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. 250 என்ற எண்ணை முன்பின் கேட்டறியாத ஒருவரும், 258 நெலமங்கலாவுக்குப் போவதை அறிந்திருந்தால், அது எந்தத் திசைப் பேருந்து என்று ஊகித்துவிடலாம். பயணிக்கு இதை எவரும் கற்பிப்பதில்லை. தாய்மொழியின் இலக்கணத்தை அறிவது போலவே, விதியைச் சொல்லத் தெரியாமல் விதியின்படி நடக்கும் அறிவாக இது நகரத்தாரிடம் படிந்திருக்கிறது.

சாலையை அது சென்று சேரும் ஊரால் அடையாளப்படுத்தும் இந்த வழக்கம் பேருந்துக்கு மிக முந்தியது. 1537இல் கெம்பேகௌடர் அமைத்த பேட்டையின் முதன்மை வாயில்கள் கிழக்கே ஹலசூரு, மேற்கே சொண்டெகொப்பா, வடக்கே எலஹங்கா, தெற்கே ஆனேக்கல் என்று, எதிரே கிடந்த ஊர்களின் பெயரையே தாங்கின. கோட்டை வாயிலுக்கு அரசனின் பெயரையோ தெய்வத்தின் பெயரையோ சூட்டுவது பரவலான மரபு. இங்கோ வாயிலின் பெயரே வழிகாட்டிப் பலகை. வாயில்கள் மறைந்தன, ஹலசூரு வாயில் மட்டும் ஒரு காவல் நிலையத்தின் பெயரிலும் மக்கள் பேச்சிலும் தங்கிவிட்டது. வாயில்களுக்கு வெளியே விரிந்த சாலைகளின் மேல்தான் பின்னர் 200களும் 300களும் ஓடத் தொடங்கின.

இச்சக்கரத்துக்கு அச்சு ஒன்றல்ல என்பதை இங்குக் கவனிக்க வேண்டும். 1881இல் மைசூர் அரசு மீண்டும் உடையார்களிடம் ஒப்படைக்கப்பட்டபோது, படைவீடாக இருந்த பகுதி 'சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன்' என்ற பெயரில் ஆங்கிலேயரின் நேரடி நிர்வாகத்திலேயே நீடித்தது. கன்னடத்தில் 'தண்டு' எனப்பட்ட அப்பகுதிக்குத் தமிழர்களும் அதே சொல்லைத்தான் வைத்திருந்தனர்; சிவாஜிநகரின் தண்டு மாரியம்மன் கோயில் இன்றும் அச்சொல்லைக் காத்து நிற்கிறது. கப்பன் பூங்காவின் ஒருபுறம் பேட்டை, மறுபுறம் தண்டு; இரண்டு நகராட்சிகள், இரண்டு ரயில் நிலையங்கள். பெங்களூர் டிரான்ஸ்போர்ட் கம்பெனி 1940இல் பேருந்துகளை ஓட்டத் தொடங்கியபோது நிலைமை இதுவே. 1947இல் தண்டுப் பகுதி மைசூர் அரசிடம் திரும்பியது. 1949இல் இரு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாயின. 1956இல் பேருந்து நிறுவனம் அரசுடைமையாகி, 'பி.டி.எஸ்.' என்று இன்றும் முதியோர் வாயில் வழங்கும் பெங்களூர் டிரான்ஸ்போர்ட் சர்வீஸ் ஆயிற்று. பின்னர் அது மாநிலப் போக்குவரத்துக் கழகத்தின் ஓர் உறுப்பாக நெடுங்காலம் இருந்து, 1997 ஆகஸ்ட் 15இல் பி.எம்.டி.சி. என்ற தனிக் கழகமாகப் பிரிந்தது. நிர்வாகம் இத்தனை முறை மாறியும் பழைய இரட்டைத்தன்மை அழியவில்லை. பேட்டையின் புறப்பாடு மெஜஸ்டிக்கும் கே.ஆர். மார்க்கெட்டும், தண்டின் புறப்பாடு சிவாஜிநகர். ஒரே புறநகருக்கு இவ்விரு பக்கங்களிலிருந்தும் வெவ்வேறு எண்களில் பேருந்து இருப்பதைக் கண்டு திகைக்கும் புதியவர், உண்மையில் 1881ஆம் ஆண்டின் ஓர் அரசியல் ஏற்பாட்டைக் கண்டு திகைக்கிறார்.

எண்ணோடு ஒட்டிவரும் எழுத்துகள் வேறு வகையானவை. மெஜஸ்டிக்கிலிருந்து தொம்ளூர், எச்.ஏ.எல்., மாரத்தஹள்ளி வழியாகக் காடுகோடிக்குச் செல்லும் 335இ என்பதில் 335 திசையைச் சொல்கிறது. 'இ' என்ன சொல்கிறது? தனியே எதையும் சொல்லவில்லை. அதே எழுத்து வேறோர் எண்ணின் பின் வரும்போது வேறொரு கிளைவழியைக் குறிக்கும். நம் இலக்கணிகள் பெயர்களைக் காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என்று பகுத்ததை இங்குப் பொருத்திப் பார்க்கலாம். எண் காரணத்தோடு வருவது. எழுத்து இடுகுறி, மனனம் செய்தே தீர வேண்டும். சென்னையில் 21ஜி, 29சி என்பவை முழுச்சொற்களாகவே மனத்தில் பதிந்திருப்பதும் இத்தகையதே. 2008இல் தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறந்தபின் வந்த வாயு வஜ்ரா ஊர்திகளின் முன்னொட்டும், மெட்ரோ இணைப்புப் பேருந்துகளின் 'எம்.எஃப்.' என்ற முன்னொட்டும் மீண்டும் காரணத்துக்குத் திரும்பியவை. ஆனால் அக்காரணம் ஆங்கிலச் சொற்சுருக்கத்தில் ஒளிந்திருக்கிறது என்பது கருதத்தக்கது.

500 வரிசையின் வருகையே இவ்வொழுங்கில் நேர்ந்த பெரிய உடைவு. வெளிவட்டச் சாலையில் ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை ஓடும் 500டி போன்றவை எந்த மையத்திலிருந்தும் புறப்படுவதில்லை. எந்த மையத்துக்கும் போவதுமில்லை. 2007இல் ஏழு நகரசபைகளையும் ஒரு புரசபையையும் 110 கிராமங்களையும் சேர்த்து மாநகராட்சி விரிவாக்கப்பட்டபோது, பெங்களூரு என்பது மெஜஸ்டிக்கைக் காணாமலே பலர் வாழ்ந்துவிடக்கூடிய நகரமாகியது. வெளிவட்டச் சாலையின் அலுவலகங்களில் பணிபுரியும் தலைமுறைக்கு 200களின் திசைப்பாடம் தேவைப்படவில்லை.

எண்ணுக்கு அடுத்தது நிறுத்தத்தின் பெயர். மெஜஸ்டிக் பேருந்து நிலையத்துக்கு அரசு ஏடுகளில் கெம்பேகௌடர் பெயர். அது அமைந்திருக்கும் நிலம் தர்மாம்புதி ஏரியின் படுகை. 1896இல் ஹெசரகட்டாவிலிருந்து குழாய் நீர் வந்தபின் நகரத்து ஏரிகள் தம் பயனை இழந்தன. தர்மாம்புதி வற்றித் திடலாகி, பின்னர் பேருந்து நிலையமாயிற்று. ஆனால் மக்கள் நாவில் நின்றது கெம்பேகௌடர் பெயருமன்று, ஏரியின் பெயருமன்று. அருகிலிருந்த மெஜஸ்டிக் என்ற திரையரங்கின் பெயர். அத்திரையரங்கும் இன்றில்லை. லிடோ நிறுத்தத்தில் லிடோ திரையரங்கு இல்லை. அங்கு வணிக வளாகம் இருக்கிறது. பின்னி மில் நிறுத்தத்தில் இறங்குபவர் காண்பது ஆலையை அன்று, அடுக்குமாடிகளை. கிருஷ்ணராஜபுரத்தை அடுத்த டின் ஃபேக்டரியைத் தினமும் பல்லாயிரவர் உச்சரிக்கின்றனர். அத்தொழிற்சாலையைக் கண்டவர்கள் அவர்களுள் மிகச் சிலரே. காரணம் அழிந்தபின்னும் வாழும் காரணப்பெயர்கள் இவை. 1949 முதல் இயங்கும் மத்தியப் பட்டு வாரியமோ வேறொரு விதிக்கு ஆளானது. அலுவலகம் அங்கேயே இருந்தும், 'சில்க் போர்டு' என்ற பெயர் பட்டை மறந்து, போக்குவரத்து நெரிசலைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது.

இப்பெயர்களுள் பல தொழிலாளர் வரலாற்றின் எச்சங்கள். எச்.ஏ.எல். 1940இலும், ஐ.டி.ஐ. 1948இலும், எச்.எம்.டி. 1953இலும், பி.இ.எல். 1954இலும் தோன்றியவை. அவற்றின் வாயில்கள் நிறுத்தங்களாயின. நிறுத்தங்கள் சுற்றுவட்டாரத்துக்கே பெயராயின. பின்னி ஆலைக்கும் தண்டுப் பகுதிக்கும் தலைமுறை தலைமுறையாக வந்து குடியேறியோருள் தமிழர் கணிசமானோர். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி பெங்களூரு நகர மாவட்டத்தில் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தோர் சுமார் 15 விழுக்காடு. ஆக, இந்நகரப் பேருந்தில் வழியறிதலின் வரலாறு, கன்னட எழுத்தைப் படிக்கத் தெரியாத பல இலட்சம் தமிழரின் வரலாறும்தான்.

ஊர்ப்பெயர்கள் வேறொரு சிக்கலைக் கிளப்புகின்றன. பேருந்தில் கேட்கும் பெயர்களைத் தமிழ்ச் செவி தன் மொழியாகவே உணர்வதற்கு மொழியியல் அடிப்படை உண்டு. பழங்கன்னடத்தின் சொன்முதல் பகரம் 10ஆம் நூற்றாண்டு தொடங்கிப் படிப்படியாக ஹகரமாயிற்று: பால் – ஹாலு, பத்து – ஹத்து, புலி – ஹுலி. எனவே ஹள்ளி என்பது பள்ளி. ஹொச என்பது புது. ஹொசூர் நம் புதூர். ஹொசகோட்டே நம் புதுக்கோட்டை. கெரெ என்ற சொல்லைத் தமிழர் பலர் 'கரை' என்றே எண்ணிக்கொள்கின்றனர். அது 'சிறை' என்ற சொல்லின் இனம். அணை, நீர்நிலை என்னும் பழம்பொருளில் தமிழில் வழங்கியது. கிவி – செவி, கேரி – சேரி என்பவற்றில் காணும் அதே ககர – சகர மாற்றம்தான் இங்கும். ஹலசூருவின் கதை இன்னும் சுவையானது. அப்பெயரைப் பலாவைக் குறிக்கும் 'ஹலசு' என்ற சொல்லோடு தொடர்புபடுத்துவர். பகரம் கன்னடத்தில் ஹகரமாகி, அந்த ஹகரத்தையும் தமிழ் நா உதிர்த்துவிட, எஞ்சியது 'அல்சூர்'. ஆங்கிலேயர் எழுதியது 'உல்சூர்'. ஒரே நிறுத்தத்தில் நடத்துநர் ஒன்றைச் சொல்ல, பயணி இன்னொன்றைச் சொல்ல, பயணச்சீட்டு கிழிபடும். பொருள் மயக்கம் நேர்வதில்லை.

இந்த உறவை உரிமைப் பத்திரமாக மாற்றுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. தொம்ளூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. ஊர் அவற்றில் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் சுட்டப்படுகிறது. மடிவாளா சோமேசுவரர் கோயிலின் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு வெங்களூரைக் குறிப்பிடுகிறது. இவற்றின் படங்களைப் பகிர்ந்து 'பெங்களூரு யாருடையது' என்று கேட்போர் ஒருபுறம். அவர்களுக்கு மறுமொழியாக, ஹெப்பாளில் 2018இல் கிடைத்த கிட்டய்யாவின் நடுகல்லையும், பேகூரில் பெங்களூருப் போரைக் கூறும் சுமார் 890ஆம் ஆண்டின் நடுகல்லையும் எடுத்துக்காட்டுவோர் மறுபுறம். ஹெப்பாள் நடுகல் சுமார் 750ஆம் ஆண்டினது, கன்னடத்தில் அமைந்தது, அதில் வரும் 'பெர்பொழல் நாடு' என்பதையே இன்றைய ஹெப்பாளாக அறிஞர் அடையாளம் காண்கின்றனர். முதலசை, நம் 'பெரு' என்பதன் இனச்சொல். வேகவைத்த அவரையால் ஊர் பெயர் பெற்றது என்ற கதையைப் பேகூர்க் கல்லின் காலமே பொய்யாக்கிவிடுகிறது என்பது கூடுதல் பயன்.

இரு தரப்பும் கல்வெட்டின் மொழியை ஊர்மக்களின் மொழியாகக் கொள்ளும் ஒரே பிழையைத்தான் செய்கின்றன. கல்வெட்டின் மொழி கொடையாளரையும் ஆட்சியையும் பொறுத்தது. 1004 அளவில் கங்கநாடு சோழர் வசமாகி, 1116 அளவில் விஷ்ணுவர்த்தனன் தலைக்காட்டை மீட்டபின்னரும், போசளர் ஆட்சியில் இப்பகுதியில் தமிழ்ப் பொறிப்புகள் தொடர்ந்தன. அக்காலத்தில் ஏரிக்கரையில் நின்றவர் எந்த மொழியில் வழி கேட்டார் என்பதற்கு அக்கல் சான்றாகாது. ஆய்வு மாணவர்கள்கூட இவ்வேறுபாட்டை மறந்து விவாதத்தில் இறங்கிவிடுவது வருந்தத்தக்கது.

எண்ணும் பெயரும் தெரிந்தபின்னும் இந்நகரில் ஒருவர் வழியை உறுதிசெய்துகொள்வது கேட்டுத்தான். பேருந்தின் முகப்புப் பலகை நெடுங்காலமாகப் பெரும்பாலும் கன்னட எழுத்தையே தாங்கி வந்தது; எண் மட்டுமே அனைவரும் படிக்கக்கூடியதாக இருந்தது. எனவே படிக்கட்டில் கால் வைக்குமுன் "மார்க்கெட் ஹோகுத்தா?" என்று கேட்பது பயணத்தின் ஓர் உறுப்பாயிற்று. குடியேறிய தமிழரின் முதற்கன்னடம் இதுவே. ஓர் இடப்பெயர், ஒரு வினைமுற்று, ஒரு வினா ஒலி. அடுத்தடுத்து 'எஷ்டு', 'முந்தெ', 'இல்லி', 'சில்லரெ' என்று சொற்கள் சேர்கின்றன. அவற்றுள் 'முந்தெ'யும் 'சில்லரெ'யும் கற்கவே வேண்டாதவை. இறங்குவதற்குக் கன்னட நடத்துநர் கூறும் 'இளி' தமிழில் 'இழி' என்ற வடிவில் நூல்களில் மட்டும் எஞ்சியிருக்கும் சொல். சங்கப் பாடம் படித்த மாணவருக்கு அகராதி உதவியின்றிப் புரிவது மெஜஸ்டிக் பேருந்தில் மட்டுமே எனலாம். 'ரைட்' என்பதும் 'ஹோல்டான்' என்பதும் இரு மாநிலத்துக்கும் பொது. சென்னையில் ஹகரம் மட்டும் உதிர்ந்து 'ஓல்டான்' ஆகும்.

நடத்துநர் என்பவர் சீட்டுக் கிழிப்பவர் மட்டுமல்லர். பல மொழிகளில் விடை சொல்லும் நடமாடும் வரைபடம். சீட்டின் பின்புறம் எழுதித் தந்த சில்லறைப் பாக்கியை மறவாமல் கேட்டுப் பெற வேண்டிய கட்டாயத்தால், பயணிக்கும் அவருக்கும் இறங்கும் வரை ஒரு பேச்சுறவும் நீடிக்கும். மராத்தி பேசும் குடும்பத்தில் பிறந்து, கன்னட நகரில் வளர்ந்து, பின்னர்த் தமிழ்த் திரையின் உச்சத்தை எட்டிய ரஜினிகாந்த், 1970களின் தொடக்கத்தில் மெஜஸ்டிக் – ஸ்ரீநகர் 10ஏ பேருந்தின் நடத்துநர் என்பது அனைவரும் அறிந்தது. அதனைத் தனிமனிதரின் வியப்புக்குரிய உயர்வாகக் காண்போர், அவ்வேலை கோரிய பன்மொழித் திறனைக் கணக்கில் எடுப்பதில்லை.

கேட்டு வழியறியும் முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு: வாய் திறப்பது பாதுகாப்பாக இருக்க வேண்டும். கேள்வி கேட்பவரின் தாய்மொழி முதற்சொல்லிலேயே வெளிப்பட்டுவிடும். 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையைத் தொடர்ந்து பெங்களூருத் தமிழர் தாக்கப்பட்டபோதும், 2016 செப்டம்பரில் தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிக்கப்பட்டபோதும், இந்நிபந்தனை சில நாட்களுக்கு முறிந்தது. 'அல்சூர்' என்று சொல்வதா, 'ஹலசூரு' என்று சொல்வதா என்பது அத்தகைய நாட்களில் ஒலியியல் வினா அன்று. ஹலசூரு ஏரி அருகே 1991இல் நிறுவப்பட்டுத் திறக்க முடியாமல் மூடியே கிடந்த திருவள்ளுவர் சிலை, 18 ஆண்டுகள் கழித்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. ஆட்சியாளர் இவ்வாறு ஒரு கணக்கை நேர்செய்தனர். அன்றாடக் கணக்கோ, கேட்டவர்க்கெல்லாம் விடை சொல்லிய நடத்துநர்களால் அதற்கு முன்பே பெரிதும் நேராகியிருந்தது என்று கருத இடமுண்டு.

2011 அக்டோபரில் ஓடத் தொடங்கிய மெட்ரோ இதற்கு நேர்மாறானது. அங்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. பலகையைப் படித்தால் போதும். அதனாலேயே பலகையில் எந்த மொழி என்பது போராட்டமாயிற்று. 2017இல் இந்திக்கு எதிராக எழுந்த குரல் நிலையப் பெயர்களை மறைக்கும் அளவுக்குச் சென்றது. படித்து வழியறியும் இடத்தில் எழுத்துக்கு வரும் முதன்மை, கேட்டு வழியறியும் இடத்தில் வருவதில்லை. இன்று பேருந்திலும் கைபேசிச் செயலி வந்துவிட்டது. எந்த எண், எங்கே, எப்போது என்பதைத் திரை காட்டுகிறது. அஞ்சி வாய் திறக்காதவர்க்கு அது பெரும் விடுதலை. படிக்கத் தெரியாதவர்க்கும் விலையுயர்ந்த கைபேசி இல்லாதவர்க்கும் நிலைமை முன்னிருந்தபடியே இருக்கிறது. ஆனால் அவர் கேட்கும்போது அருகிலிருப்பவரின் காதில் ஒலிவாங்கி செருகியிருக்கிறது.

2023 ஜூன் 11இல் நடைமுறைக்கு வந்த சக்தித் திட்டம் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணத்தை நீக்கியது. மெஜஸ்டிக்குக்கு மேல் தனியே போயறியாத பெண்கள் பலருக்கு 200களும் 300களும் முதன்முறையாகத் தம் எண்களாயின. சலுகை கர்நாடகத்தில் குடியிருப்போர்க்கு மட்டுமே; அடையாள அட்டையில் கர்நாடக முகவரி இருக்க வேண்டும். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் ஓசூர்ச் சாலை வழியாக வந்து சேரும் தமிழ்ப் பெண்களுள், ஆதாரில் இன்னும் கிருஷ்ணகிரியோ தருமபுரியோ இருப்பவர், 360இல் ஏறி, சரியான கன்னடத்தில் இடத்தைச் சொல்லி, சீட்டுக்குப் பணம் கொடுக்கிறார். அருகில் அமர்ந்திருப்பவர் கையில் பூஜ்யம் அச்சிட்ட சீட்டு. இருவரும் இறங்குவது ஒரே நிறுத்தத்தில்.